ஏரும் வாளும்: அல்பிரட் மன்னன் கண்ட படைமுறை

சிறுபராயத்தில் யான் கற்ற ஆங்கில வாசகப் புத்தகமொன்றில் அல்பிரட் மன்னனின் கதை இருந்தது. பகைவர்க்கு ஒளித்துக் குடிசையொன்றிற் கரந்துறைந்த மன்னன், அடுப்பிலிட்ட அப்பத்தைக் கருகவிட்டு, வீட்டுக்காரியிடம் வசை கேட்டான் என்பதே அக்கதை. அது மன்னன் காலத்து நூல் எதிலும் இல்லை என்பதையும், அவன் மறைந்த பின்னர் எழுந்த அடியார் வரலாறொன்றிலேயே முதற்கண் காணப்படுகின்றது என்பதையும் பிற்காலத்திலேயே அறிந்தேன். கருகிய அப்பத்தை நினைவிற் கொண்ட நாம், அப்பத்துக்குரிய தானியத்தைப் பற்றி அம்மன்னன் எண்ணிய எண்ணத்தை மறந்துவிட்டோம். அதனை எடுத்துரைத்தலே ஈண்டு என் நோக்கம்.

அல்பிரட், இங்கிலாந்தின் தென்பாலுள்ள வெசெக்ஸ் நாட்டரசன் எதெல்வுல்பின் கடைசி மகனாக, 849ஆம் ஆண்டளவிற் பிறந்தான். தமையன்மார் ஒருவர்பின் ஒருவராக அரசாண்டு மறைய, 871இல் முடி அவனை வந்தடைந்தது. அவ்வோராண்டிலேயே தேனியருடன் ஒன்பது பெரும்போர்கள் நிகழ்ந்தன என்று சாக்சனியரின் ஆண்டுக்குறிப்பு நூல் கூறுகின்றது.

சாக்சனியர் வீரத்திற் குறைந்தவரல்லர். குறை அவர்தம் படைமுறையில் இருந்தது. பிர்ட் எனப்பட்ட அவர் படை நிலைப்படையன்று. ஒரு குடும்பத்தைத் தாங்கவல்ல நிலப்பகுதியை ஐடு என்னும் அளவாகக் கொண்டு, அதற்கேற்பப் படைக்கு ஆள் அனுப்புதல், பாலம் அமைத்தல், அரண் கட்டுதல் என்னும் கடமைகள் விதிக்கப்பட்டன. அழைப்பு வந்தபின் நிலமுடையோர் தம் ஆட்களுடன் வந்து கூடுவர். கப்பலிலும் குதிரையிலும் விரையும் தேனியரோ, படை திரளுமுன் ஊரைச் சூறையாடி அகன்றுவிடுவர். திரண்ட படையும் கொணர்ந்த உணவு தீர்ந்தவுடன் கலைந்துவிடும். விளைநிலம் வீட்டிற் காத்திருக்க, எத்தனை நாள் ஒருவன் வாளேந்தி நிற்பான்?

878ஆம் ஆண்டின் தொடக்கத்திற் குத்ரம் என்னும் தேனியத் தலைவன் சிப்பனம் நகரைத் திடீரெனக் கைப்பற்றினான். அல்பிரட் சிலரோடு சோமர்செற்றின் சதுப்புநிலத்திலுள்ள எதெல்னியிற் புகலடைந்து அரண் அமைத்தான். உயிர்த்த ஞாயிறு கழிந்து ஏழாம் வாரத்தில், அவன் குறித்த இடத்தில் மூன்று கோட்டத்து மக்கள் வந்து கூடினர். எடிங்டனில் நிகழ்ந்த போரிற் குத்ரம் தோற்றான். ஞானஸ்நானம் பெற்று அல்பிரட்டின் ஞானமகனுமானான்.

இவ்வெற்றியோடு அமைந்திருப்பின் அல்பிரட்டை யான் பெரிதும் வியந்திரேன். வென்றவன் உறங்காது, தோற்றதன் காரணத்தை ஆராய்ந்தான். படையை இருகூறாக்கி, ஒருகூறு களத்தில் நிற்க மறுகூறு வீட்டில் இருக்குமாறு முறைவகுத்தான். இவ்விரண்டினும் வேறாக அரண் காப்போரை நிறுத்தினான். நாடெங்கும் பேர்க் எனப்படும் அரண்நகர்கள் எழுந்தன. அவன் மகன் எட்வேர்ட் காலத்ததெனக் கருதப்படும் பட்டியலொன்று முப்பதுக்கு மேற்பட்ட அரண்களைக் குறிக்கின்றது. ஐடு ஒன்றுக்கு ஓராள், பதினாறரை அடி மதிலுக்கு நான்கு ஆள், இதுவே கணக்கு. வின்செஸ்டருக்கு 2,400 ஐடு. அதன்படி மதிலின் நீளம் 9,900 அடியாதல் வேண்டும்; அங்குள்ள பழைய மதிலின் அளவும் ஏறக்குறைய அதுவே. அரண்கள் அனைத்துக்கும் வேண்டிய காவலர் தொகை ஏறத்தாழ 27,000.

நொச்சித் திணையை மாணவர்க்கு விளக்கும்போதெல்லாம் இக்கணக்கு என் நினைவுக்கு வரும். மதில் காக்கும் மறத்தைப் பாடுதல் எளிது. மதிலின் ஒவ்வோரடிக்கும் ஆள் தேடுதல் அரிது.

இம்முறை குறையற்றதன்று. 892இல் தேனியர் பெருங்கப்பற்படையுடன் மீண்டும் வந்தபோது, கட்டிமுடியாத அரணொன்றிற் குடியானவர் சிலரே இருந்தனர்; அது வீழ்ந்தது. மறுவருடம் எட்வேர்டின் படை பகைவரை ஆற்றிடைத் தீவொன்றில் வளைத்தது. ஆயினும், தவணை முடிந்தது, உணவும் தீர்ந்தது. மன்னன் மாற்றுப் படையுடன் வழியில் வந்துகொண்டிருக்க, முற்றியிருந்தோர் வீடு திரும்பினர். கைக்கெட்டிய வெற்றி நழுவியது. ஆயினும் அவன் முறையைக் கைவிட்டிலன். அவ்வாண்டிலேயே அரண்காவலர் பல நகர்களினின்றும் திரண்டு, செவேர்ன் ஆற்றங்கரையிற் பகைவரை முற்றுகையிட்டுப் பட்டினியால் வாட்டி வென்றனர்.

895ஆம் ஆண்டின் அறுவடைக் காலச் செய்தியொன்றே என் உள்ளத்தை மிகக் கவர்ந்தது. இலண்டனுக்கு அணித்தாகத் தேனியர் தங்கியிருந்தனர். மக்கள் கதிர் கொய்து முடியும்வரை அல்பிரட் படையுடன் வயலருகே பாடிவீடமைத்துக் காவல் நின்றான். பின்னர் லீ ஆற்றின் இருகரையிலும் அரண் எழுப்பிக் கப்பல்கள் வெளியேறாவாறு தடுத்தான். தேனியர் கப்பல்களைக் கைவிட்டுச் சென்றனர். அடுத்த ஆண்டு அப்படை கலைந்தது. 899 ஒக்டோபர் 26இல் அல்பிரட் மறைந்தான்.

அவன் பெயரால் வழங்கும் மொழிபெயர்ப்பு நூலொன்று, வழிபடுவோர், போர்புரிவோர், உழைப்போர் ஆகிய முத்திறத்தாரும் மன்னனுக்கு இன்றியமையாதவர் என்று உரைக்கின்றது. அக்கருத்து ஏட்டில் மாத்திரம் நின்றதன்று என்பதற்கு, கதிர் கொய்வோரைக் காத்துநின்ற அப்படையே சான்று. அப்பம் கருகிய கதையை மாணவர்க்குச் சொல்லும் ஆசிரியர்கள், அறுவடை காத்த இக்கதையையும் உடன் சொல்வாராக.