இம்ஹோதெப்: கல்லில் படி அமைத்த எழுத்தர்

1926-ஆம் ஆண்டு, எகிப்தின் சக்காரா மணற்பரப்பில் ஜோசர் மன்னனின் படிப் பிரமிடு வளாகத்தை அகழ்ந்துகொண்டிருந்த செசில் ஃபிர்த் என்பாரின் குழுவினர்க்குச் சுண்ணாம்புக்கல் பீடம் ஒன்று கிடைத்தது. பீடத்தின்மேல் நின்ற சிலை இல்லை. பாதங்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. அப்பாதங்களின் கீழே பகை நாடுகளைக் குறிக்கும் ஒன்பது விற்களும், ஆளப்படும் மக்களைக் குறிக்கும் ஆட்காட்டிப் பறவைகளும் செதுக்கப்பட்டிருந்தன. பாதங்கள் மன்னனுடையவை. அவன் வாழ்நாளில் வழங்கிய பெயர் நெச்செரிகெத். ஜோசர் என்பது பிற்காலத்தார் வழங்கிய பெயர். பீடத்தின் முகப்பில் அம்மன்னனின் பெயரோடு இன்னொரு பெயரும் இருந்தது. கீழ் எகிப்து வேந்தனின் முத்திரை காப்பாளர், மன்னனுக்கு அடுத்தவர், பேரரண்மனையின் நிருவாகி, கதிரவன் நகராகிய ஹெலியோபோலிசின் தலைமைக் குரு எனப் பட்டங்கள் வரிசையாக நின்று, இறுதியில் இம்ஹோதெப் என முடிந்தன.

மன்னனின் திருவுருவைத் தாங்கும் பீடத்தில் பணியாளர் ஒருவரின் பெயர் இடம்பெறுவது அந்நாட்டில் கேட்டறியாத செய்தி. தெய்வமே வேந்தனாய் இறங்கி வந்திருப்பதாக நம்பிய சமுதாயம் அது. அத்தகைய இடத்தில் தம் பெயரைப் பெற்றவர், மன்னன் மனத்தில் எத்தகைய இடம் பெற்றிருந்தார் என்பதற்கு வேறு சான்று வேண்டா. இப்பீடம் கிடைக்கும்வரை இம்ஹோதெப்பைப் பற்றி உலகம் அறிந்தவை எல்லாம் அவர் மறைந்து பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்டவையே. உடைந்த அந்தக் கல்லே புராணத்திலிருந்து அவரை வரலாற்றுக்கு மீட்டுத் தந்தது.

அவர் வாழ்ந்த காலம் கி.மு. 27-ஆம் நூற்றாண்டு, எகிப்திய அரச மரபுகளுள் மூன்றாவது மரபின் தொடக்கம். பெயரின் பொருள் அமைதியோடு வருபவர் என்பது. தந்தையார் பெயர் கானோஃபெர் என்று பிற்காலக் கல்வெட்டு ஒன்று கூறும். தாயார் பெயர் கெரெது-அங்க் என்பதும் பிற்கால வழிபாட்டு மரபில் வருவதே. ஜோசரின் ஆட்சி 19 ஆண்டுகள் என்று தூரின் நகரிலுள்ள அரசர் பட்டியல் குறிக்கிறது. அப்பட்டியலை எழுதியவர் கறுப்பு மையில் பெயர்களை அடுக்கிக்கொண்டு வந்து, ஜோசரின் பதிவுக்கு வந்ததும் சிவப்பு மையைத் தொட்டிருக்கிறார். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த ஆட்சி ஒரு புதுத் தொடக்கமாக எண்ணப்பட்டது என்பதற்கு அச்சிவப்பே சான்று. அத்தொடக்கம் போர்க்களத்தில் நிகழவில்லை. கல்தச்சர்களின் களத்தில் நிகழ்ந்தது.

அதற்கு முன் எகிப்திய மன்னர்கள் பாலைநிலத்தில் குழி தோண்டி, பச்சைச் செங்கல்லால் சுவரெழுப்பி அடக்கம் செய்யப்பட்டனர். உயர்குடியினரின் கல்லறைமேல் செங்கல்லால் நீள்சதுர மேடை அமைக்கும் வழக்கம் இருந்தது. அதனை இன்று மஸ்தபா என்பர். அரபு மொழியில் அச்சொல்லுக்குத் திண்ணை என்றே பொருள். இறந்தோர்க்கான திண்ணை! கல்லும் அங்கங்கே பயன்பட்டதுண்டு. ஜோசருக்கு முந்திய காசெகெம்வி மன்னனின் அபிடோஸ் கல்லறையில் ஓர் அறை சுண்ணாம்புக்கல்லால் ஆனது. ஆயினும் முழுக் கட்டடத்தையும் கல்லால் எழுப்பலாம் என்னும் துணிவு அதுவரை எவர்க்கும் வந்ததில்லை.

சக்காராவில் வேலை தொடங்கியபோது இம்ஹோதெப்பின் திட்டத்திலும் பிரமிடு இல்லை. இது மனங்கொள்ளத்தக்கது. பக்கத்துக்கு 63 மீட்டர் அளவில், 8 மீட்டர் உயரத்தில் ஒரு கல் திண்ணையே முதலில் எழுந்தது. பின்னர் அது நான்கு புறமும் விரிக்கப்பட்டது. மீண்டும் கிழக்கே நீட்டப்பட்டது. அதன் பிறகே அதன்மேல் அடுக்கி நான்கு படிகள் கொண்ட கட்டடமாக்கும் எண்ணம் தோன்றியது. அதுவும் போதாமல் வடக்கும் மேற்குமாக விரித்து ஆறு படிகளாக முடித்தனர். நிறைவில் அடித்தளம் 121 மீட்டருக்கு 109 மீட்டர். உயரம் ஏறத்தாழ 60 மீட்டர். ஒரே மூச்சில் உதித்த கனவு அன்று இது. எழுதி, அடித்து, திருத்தி, மீண்டும் எழுதிய படி. திருத்தங்கள் ஒவ்வொன்றும் அழிக்கப்படாமல் ஒன்றினுள் ஒன்றாகக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஆய்வாளர்கள் அவற்றைப் படித்தே வரிசையை அறிந்தனர். தொடக்கத்தில் வைத்த கற்கள் செங்கல்லைப் போல் சிறியவை. வேலை வளர வளரக் கற்களும் பெரிதாகின்றன. பாரம் வெளியே சரியாதபடி அடுக்குகள் உள்நோக்கிச் சாய்கின்றன. கல்லின் குணத்தைக் கைகள் கற்றுக்கொண்ட வரலாறு அது.

பிரமிடைச் சுற்றி 10.5 மீட்டர் உயர வெண்கல் மதில், 1,645 மீட்டர் சுற்றளவில் ஓடியது. மதிலில் வாயில்கள் பல தெரியும். உள்ளே போகும் வழி ஒன்றுதான். மற்றப் பதினான்கும் மூடிய கதவு போலச் செதுக்கிய கல். அந்த ஒற்றை வாயிலில் நுழைந்தால் இருபுறமும் தூண்கள். நாணற்கட்டுகளைச் சேர்த்து நிறுத்தியதுபோல் வரிவரியாகச் செதுக்கப்பட்டவை. மேலே கூரைக் கற்களின் அடிப்புறம் பனைமரத் துண்டுகளைப் பரப்பியதுபோல் உருண்டிருக்கும். திறந்த நிலையில் நிற்கும் கதவுகள் உண்டு. கல்லாதலின் அவை ஒருபோதும் மூடா. நிலத்தடி அறைகளில் நீல நிற மெருகோடுகளைப் பதித்து, சுவரில் நாணற்பாய் தொங்குவதாகவே காட்டியிருக்கின்றனர்.

இங்கே கல் தன்னைக் கல் என்று சொல்லிக்கொள்ளவே இல்லை. நாணல், பாய், மரம், கதவு என்று ஒவ்வொன்றுக்கும் உவமையாக நிற்கிறது. வாழ்நாளில் மன்னன் உறைந்த நாணலும் மரமும் செங்கல்லுமான அரண்மனை மட்கிவிடும். அதன் வடிவை மட்காத பொருளுக்கு மாற்றிக் கொடுத்தால் அவன் மறுமையிலும் அங்கே வாழ்வான் என்பதே கருத்து. உருவத்தை ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குப் பெயர்ப்பது கவிஞர் தொழில். இம்ஹோதெப்பைக் கட்டடக் கலைஞர் என்று மட்டும் சொல்வோர் இதனைக் கருதுவதில்லை.

அத்தூண்கள் தனித்து நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் சிறு குறுக்குச் சுவரால் பக்கச் சுவரோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. கல்தூண் தானாக நின்று கூரையைத் தாங்குமா என்னும் ஐயம் கட்டியவர்க்கு இருந்தது. மலைபோல் ஒரு கட்டடத்தை எழுப்பிய கை, வாயிலில் ஒரு தூணைத் தனியே விட அஞ்சியிருக்கிறது. அவர் தெய்வமாகப் பிறந்தவர் அல்லர், தடுமாறிக் கற்ற மனிதர் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கல்வெட்டும் கூறவில்லை.

கட்டடத்தின் அடியில் 28 மீட்டர் ஆழக் குழியின் தரையில் கருங்கல் அறையில் மன்னன் வைக்கப்பட்டான். சுற்றியோடும் சுரங்கங்களில் ஏறத்தாழ 40,000 கற்பாண்டங்கள் கிடைத்துள்ளன. பலவற்றில் அவனுக்கு முந்திய மன்னர்களின் பெயர்கள். மன்னன் உடல் மட்டும் கிடைக்கவில்லை. கொள்ளையர் முந்திக்கொண்டனர்.

ஜோசருக்குப் பின்னும் இம்ஹோதெப் பணியில் இருந்தார் என எண்ண இடமுண்டு. அடுத்த மன்னனாகிய செகெம்கெத்தின் முற்றுப்பெறாத பிரமிடைச் சக்காரியா கோனெய்ம் 1950-களில் அகழ்ந்தபோது, மதிலில் மையால் எழுதிய குறிப்பொன்றில் இம்ஹோதெப் பெயர் தென்பட்டது. அதன்பின் அவர் காலத்துச் சான்றுகள் அற்றுப்போகின்றன. நான்காம் மரபின் ஸ்நெஃப்ரு மன்னன் படிகளை மூடிச் சாய்தளப் பிரமிடு சமைத்ததும், அவன் மகன் கூஃபு கீசாவில் 146 மீட்டருக்கு மேல் உயர்த்தியதும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள் நடந்தேறின. அவற்றின் பெருமை ஊரறிந்தது. ஐந்தாம் மரபின் இறுதி மன்னன் உனாஸ் மிகச் சிறிய பிரமிடு ஒன்றை ஜோசர் வளாகத்தின் அருகிலேயே கட்டி, உள்ளறைச் சுவர் முழுதும் மறுமை மந்திரங்களைச் செதுக்குவித்தான். கல் உயரம் குறையக் குறையச் சொல் உள்ளே நுழைந்தது எனலாம்.

இம்ஹோதெப்பைக் காத்ததும் சொல்தான். அறிவுரை நூல் ஒன்றை அவர் இயற்றியதாக எகிப்தியர் நம்பினர். அந்நூல் இன்று இல்லை. யாழிசைத்துப் பாடும் விருந்துப் பாடல் ஒன்று அவரையும் ஹோர்தெதெஃப் என்னும் அறிஞரையும் பெயர் குறித்து, மக்கள் வாயில் இவர்கள் மொழிகள் வழங்குகின்றன, இவர்கள் கல்லறைச் சுவர்களோ இருந்த தடமின்றிப் போயின என்னும் கருத்தைக் கூறுகிறது. ராம்சேஸ் மன்னர்கள் காலத்துப் பப்பைரஸ் ஏடு ஒன்று இன்னும் ஒருபடி மேலே செல்லும். அறிஞர் எண்மரை அது வரிசைப்படுத்தி, நூல்களே அவர்களுக்குப் பிரமிடு என்கிறது. அந்த எண்மருள் ஒருவர், உலகின் முதற்பிரமிடைக் கட்டிய இம்ஹோதெப். இதிலுள்ள முரணை அந்த ஏட்டாசிரியர் உணர்ந்தே எழுதினாரா, அன்றி அவர் காலத்தில் இம்ஹோதெப் எழுத்தராக மட்டுமே அறியப்பட்டிருந்தாரா என்பது சிந்திக்கற்பாலது. பின்னதே பொருந்துமெனத் தோன்றுகிறது.

அக்காலத்து எழுத்தர்களிடம் ஓர் அழகிய வழக்கம் இருந்தது. எழுதத் தொடங்குமுன் மை குழைக்க வைத்திருக்கும் நீர்க்கலத்திலிருந்து ஒரு துளியை இம்ஹோதெப்பின் பெயரால் நிலத்தில் சிந்துவர். கல்லறைக்குச் சென்று படையலிட வேண்டியதில்லை. எழுதுமிடமெல்லாம் அவருக்குப் படையல்.

துளி நீரில் தொடங்கிய மதிப்பு, கி.மு. ஆறாம் நூற்றாண்டையொட்டித் தெய்வ வழிபாடாக முதிர்ந்தது. மெம்பிஸ் நகரின் தச்சுத் தெய்வமாகிய ப்தாவின் மகன் என்றனர். பாரசீக வேந்தன் தாரியஸ் ஆட்சியில் கட்டடப் பணி பார்த்த க்னுமிப்ரே என்பார், வாதி ஹம்மாமாத் கல் வயல்களில் தம் முன்னோர் வரிசையைப் பொறித்து அதனை இம்ஹோதெப் வரை கொண்டுசென்றார். கிரேக்கர் வந்தபின் தங்கள் மருத்துவத் தெய்வமாகிய அஸ்கிளேபியசும் அவரும் ஒருவரே என்றனர். நோயாளிகள் சக்காரா கோயிலில் இரவு தங்கிக் கனவில் மருந்து கேட்டனர். அவர் மருத்துவர் என்பதற்கு அவர் காலத்துச் சான்று ஒன்றும் இல்லை. மருத்துவத்தின் தந்தை என்று இன்று அவரைப் போற்றுவோர் இதனை நினைவிற் கொள்ளல் நலம். 1932-இலும் 1999-இலும் வந்த ஆங்கிலத் திரைப்படங்கள் இப்பெயரைக் கொடிய மம்மி ஒன்றுக்குச் சூட்டியதோ இதனினும் பெரிய அநீதி.

தெய்வமானபின் நிகழ்ந்தவற்றுள் ஒன்று நெஞ்சில் நிற்பது. மெம்பிஸ் தலைமைக் குருவின் மனைவி தைம்ஹோதெப்புக்குப் பெண்மக்கள் மூவர், மகன் இல்லை. இருவரும் இம்ஹோதெப்பை வேண்டினர். அவர் கணவர்முன் தோன்றி, தம் உடல் மறைந்திருக்கும் புனித இடத்தில் திருப்பணி செய்யும்படியும், கைம்மாறாக மகனைத் தருவதாகவும் கூறினாராம். திருப்பணி நடந்தது. கி.மு. 46-இல் மகன் பிறந்தான்; இம்ஹோதெப் என்றே பெயரிட்டனர். நான்கு ஆண்டுகளில், முப்பது வயதில் தைம்ஹோதெப் இறந்தார். அவருடைய நினைவுக்கல் இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. இறப்பைப் பற்றி எகிப்தியர் எழுதிய புலம்பல்களுள் அதற்கு இணையானது அரிது. இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுகள் கழித்தும் அக்கட்டடக் கலைஞர் கேட்ட காணிக்கை கட்டட வேலைதான் என்பதும், உடல் கிடக்கும் இடம் சக்காராவில் உண்டென்று அன்றும் நம்பினர் என்பதும் அக்கல்லால் அறியவருபவை.

அவ்விடத்தைத் தேடியவருள் தலையாயவர் பிரையன் எமெரி. 1964-இல் வட சக்காராவில், மூன்றாம் மரபுக் கல்லறைகளுக்கிடையே அவர் தோண்டத் தொடங்கினார். மண்ணுக்கடியில் சுரங்கங்கள் திறந்தன. அவற்றுள் மட்கலங்களில் இட்டு அடுக்கிய ஐபிஸ் என்னும் அன்றில் இனப் பறவைகளின் பாடம் செய்த உடல்கள், இலட்சக்கணக்கில். பின்னர்க் குரங்குகள், வல்லூறுகள், புனிதப் பசுக்கள். நம்பிக்கையோடு நடந்தவர் வந்து இட்ட காணிக்கைகள் அவை. கல்லறை மட்டும் வரவில்லை. பெயரற்ற பெரிய மஸ்தபா ஒன்றைச் சிலர் இம்ஹோதெப்பினதாக இருக்கலாம் என்பர். உறுதி செய்ய ஓர் எழுத்தும் அதில் இல்லை. 1971 மார்ச்சில் எமெரி கெய்ரோவில் காலமானார்.

அவர் குழுவினர் கண்டெடுத்தவற்றுள் உடைந்த மட்கல ஓடுகளும் இருந்தன. ஐபிஸ் பறவைகளைப் பேணும் பணியில் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த ஹோர் என்னும் எழுத்தர், தாம் கண்ட கனவுகளையும், பறவைகளின் உணவிலும் அடக்கத்திலும் நடந்த முறைகேடுகளைப் பற்றிய முறையீடுகளையும் அவ்வோடுகளில் மையால் எழுதி வைத்திருந்தார்.