கையேந்தி வந்த புனிதர்



திருநெல்வேலிச் சந்தைக்கு நீங்கள் பலமுறை சென்றிருப்பீர்கள். மரக்கறிப் பையோடு வெளியே வரும்போது வாசலோரம் யாரேனும் ஒருவர் கையேந்தி நிற்பதையும் கண்டிருப்பீர்கள். சில வேளை சில்லறை இட்டிருப்பீர்கள். சில வேளை பார்க்காதது போலக் கடந்திருப்பீர்கள். இட்ட வேளையிலும்கூட அவரது முகத்தை நாம் பெரும்பாலும் பார்ப்பதில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதே யாழ்ப்பாண மண்ணில் படலைதோறும் கையேந்தி நின்ற ஒருவரை இன்று உங்களோடு நினைவுகூர விரும்புகிறேன். இன்று நாம் பீடத்தில் வைத்து வணங்கும் புனித யோசேவ் வாஸ் அடிகளார்தாம் அவர்.

யோசேவ் வாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவா நாட்டின் பெனாவுலிம் என்னும் ஊரிலே பிறந்தார். கொங்கணி பேசும், பிராமண மரபில் வந்த கத்தோலிக்கக் குடும்பம் அவருடையது. போர்த்துக்கேய மொழியும் இலத்தீனும் கற்று, 1676ஆம் ஆண்டு குருவாக அருட்பொழிவு பெற்றார். அறிவும் பக்தியும் நிறைந்த குரு. ஆயினும் அவர் இந்தியர். அக்காலத்தில் கோவாவிலிருந்த ஐரோப்பியத் துறவற சபைகள் இந்நாட்டு மக்களைப் பொதுவாகத் தம்முள் ஏற்றுக்கொள்வதில்லை. தோலின் நிறம் துறவு மடத்தின் வாசலையும் அடைத்து நின்ற காலம் அது. திருச்சபையின் வரலாற்றில் நாம் வெட்கத்தோடு ஏற்க வேண்டிய உண்மை இது.

யோசேவ் வாஸ் கசப்போடு திரும்பிச் செல்லவில்லை. உள்ளூர்க் குருக்கள் சிலர் ஒன்றுகூடி வாழத் தொடங்கியிருந்தனர். அவர்களோடு இணைந்து, புனித பிலிப்பு நேரியின் ஒழுங்கைப் பின்பற்றும் ஒரு சமூகத்தை 1685இல் உருவாக்கி, அதன் தலைவராகவும் இருந்தார். ஆனால் அவருடைய உள்ளம் இலங்கையை நோக்கியே இருந்தது.

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கையில் வீழ்ந்ததை நீங்கள் அறிவீர்கள். அதன்பின் கத்தோலிக்கக் குருக்கள் இங்கே கால்வைக்கத் தடை விதிக்கப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நம் முன்னோர் திருப்பலியின்றி, ஒப்புரவு அருட்சாதனமின்றி, ஆயனில்லா மந்தையாய் வாழ்ந்தனர். ஐரோப்பியக் குரு ஒருவர் வந்தால் உடனே பிடிபடுவார். இந்தியர் ஒருவர் கூலியாளைப் போல வந்தால் யார் அறிவார்? எந்த நிறம் அவரை ஒதுக்கி வைத்ததோ அந்த நிறத்தையே ஆண்டவர் தம் பணிக்குக் கருவியாக்கிக்கொண்டார்.

1687ஆம் ஆண்டு, குடும்பப் பணியாளரான யோவான் என்பவரோடு தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி அவர் யாழ்ப்பாணம் வந்தடைந்தார். கிழிந்த உடை, வெறுங்கால், கையிலே பிச்சைப் பாத்திரம். பயணத்தின் கொடுமையால் வயிற்றுழைச்சல் கண்டு சாகும் நிலைக்கு வந்தார். நோய் தணிந்தபின் கழுத்திலே செபமாலையை வெளியே தெரியும்படி அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அந்த மாலையைக் கண்டு எந்த வீட்டில் ஒரு முகம் மலர்கிறது என்று பார்த்தார். இப்படித்தான் மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்.

பண்டத்தரிப்புக்கு அருகேயுள்ள சில்லாலை மக்கள் அவருக்கு அடைக்கலம் தந்தனர். இரவிலே திருப்பலி, பகலிலே மறைவு என்று நாள்கள் சென்றன. 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் ஒல்லாந்தப் படைவீரர் வந்து, வழிபாட்டுக்குக் கூடியிருந்த மக்களைக் கைதுசெய்தனர். அடிகளார் தப்பினார், மக்கள் சவுக்கடி பட்டனர். கல்வின் மதத்திலிருந்து மனம்மாறி வந்த தொன் பேதுரு என்பவர் அடியின் கொடுமையாலே உயிர்நீத்தார். அன்பானவர்களே, பிச்சைக்காரராய் வந்த ஒருவருக்குக் கதவைத் திறந்ததற்காக நம் முன்னோர் கொடுத்த விலை இது. ஈகை என்பது மிஞ்சியதைக் கொடுப்பது மட்டுமே என்று எண்ணும் நமக்கு இது ஒரு பாடம்.

பின்னர் புத்தளம் வழியாக 1692இல் அவர் கண்டியை அடைந்தார். அங்கே போர்த்துக்கேய ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையிலிடப்பட்டார். யோவானும் உடன் சிறையிருந்தார். குருவும் பணியாளும் ஒரே கூரையின்கீழ், ஒரே துன்பத்தைப் பகிர்ந்தனர். அந்த நாள்களை அடிகளார் வீணாக்கவில்லை; சிங்கள மொழியைக் கற்றார். தமிழ் மக்களிடம் தமிழிலும் சிங்கள மக்களிடம் சிங்களத்திலும் பேசும் ஆயரானார். பிறருடைய மொழியைக் கற்பது, அவர்களை மதிக்கிறோம் என்பதற்கு முதல் அடையாளம் அல்லவா?

1697இல் கண்டி மாநகரைப் பெரியம்மை தாக்கியது. மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் நகரை விட்டகன்றான். செல்வரும் பெருமக்களும் பின்தொடர்ந்தனர். நோய் கண்டவரைச் சொந்த வீட்டாரே காட்டுக்குக் கொண்டுசென்று விட்டுத் திரும்பினர். அவர்களைக் கொடியவர் என்று எளிதாகத் தீர்ப்பிட வேண்டாம். அச்சம் எத்தகையது என்பதைக் கொரோனாக் காலத்திலே நாமும் கண்டோம். நோயாளியின் வீட்டுப் படலையைக் கடக்கவே அஞ்சினோம்.

எல்லாரும் ஓடிய திசைக்கு எதிரே அடிகளார் நடந்தார். தம் மருமகனான குரு யோசேவ் கார்வாலோவையும் துணைக்கு அழைத்துக்கொண்டார். காட்டிலே கிடந்தவர்களுக்குக் கொட்டில்கள் அமைத்தார். ஆலயத்தின் அருகிலிருந்த வெறும் வீடுகளை மருத்துவமனையாக்கினார். புண்களைக் கழுவினார், உணவு ஊட்டினார், அழுக்கை அகற்றினார், இறந்தவரைத் தம் கையாலே அடக்கம் செய்தார். கத்தோலிக்கரா பௌத்தரா என்று அவர் கேட்கவில்லை. சிங்களவரா தமிழரா, உயர்குடியா தாழ்குடியா என்றும் கேட்கவில்லை. நல்ல சமாரியர் உவமையில் ஆண்டவர் சொன்னதை அவர் விளக்கிக் கூறவில்லை, செய்து காட்டினார்.

கவனியுங்கள்: அவரிடம் செல்வம் இருக்கவில்லை. ஆனால் நோயுற்றுக் கிடப்பது எப்படி, ஒரு பிடி உணவுக்காக அந்நியர் வாசலில் நிற்பது எப்படி என்பதை யாழ்ப்பாணத்திலே அவர் தம் உடலால் அறிந்திருந்தார். ஆகவேதான் காட்டில் கிடந்தவர்களை ‘நோயாளிகள்’ என்று அவர் பார்க்கவில்லை. தம்மையே அவர்களிடம் கண்டார். நம் மண்ணில் பெற்ற பிச்சையைக் கண்டியிலே வட்டியோடு திருப்பிக் கொடுத்தார் என்றே சொல்லத் தோன்றுகிறது.

நகருக்குத் திரும்பிய மன்னன் அவரைப் பெரிதும் மதித்தான். தன் நாட்டில் தடையின்றிப் பணியாற்ற இடமளித்தான். ஆயர் பதவி தேடி வந்தபோது அடிகளார் அதை ஏற்கவில்லை. 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியிலே இறைவனடி சேர்ந்தார். 1995இல் புனித இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு அருளாளர் பட்டமும், 2015 சனவரி 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர் பட்டமும் வழங்கினர். இரண்டும் கொழும்பு காலிமுகத்திடலிலேயே நிகழ்ந்தன. தமிழரும் சிங்களவரும் ஒரே திடலில் முழந்தாளிட்டு ஒரே புனிதரைக் கூவி அழைத்தனர். இத்தனை குருதி சிந்திய ஒரு நாட்டுக்கு இது சிறிய காரியமன்று.

இன்று திருநெல்வேலியிலே பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் அங்கே ஒன்றாகப் பயில்கின்றனர். வீட்டைப் பிரிந்து வந்து, மொழி தெரியாத ஊரில் அறை தேடும் ஒரு பிள்ளை உங்கள் படலையைத் தட்டினால், முதலில் எதைக் கேட்பீர்கள்? பசிக்கிறதா என்றா, எந்த ஊர், எந்த இனம் என்றா? இதைவிடக் கடினமான கேள்வியும் உண்டு. பக்கத்துத் தெருப் பிள்ளை நம் பிள்ளையோடு விளையாட வரும்போது, அவன் எந்தச் சாதி என்று காதோடு காதாக விசாரிப்பது நம் கத்தோலிக்க வீடுகளில் நின்றுவிட்டதா? ஒரே பீடத்தில் ஒரே அப்பத்தை உண்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தனித்தனிக் குவளை வைப்போமானால், பெரியம்மையினும் கொடிய நோய் நமக்குள் இருக்கிறது.

போரிலே தாய் தந்தையரை இழந்த பிள்ளைகளும், கணவனை இழந்து குடும்பம் சுமக்கும் பெண்களும் நம் பங்குகளில் இருக்கின்றனர். அவர்களுக்குப் பணம் தேவைதான். வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் உதவிக்கு நன்றி சொல்வோம். ஆனால் பணத்தை விட முன்னதாக அவர்கள் எதிர்பார்ப்பது, தம் முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லி அழைக்கும் ஒருவரை.

ஆகவே இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். உங்கள் இனத்தையோ சாதியையோ பங்கையோ சாராத ஒரு குடும்பத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குச் செல்லுங்கள். கொண்டுபோவது சிறிதாயிருக்கலாம். அவர்கள் தருவதை வாங்கி உண்ணவும் மறக்க வேண்டாம். பெறத் தெரியாதவனுக்குக் கொடுக்கவும் தெரியாது.

செபிப்போம்: கையேந்தி எம் மண்ணுக்கு வந்த புனித யோசேவ் வாஸே, எம் வாசலில் நிற்பவரின் முகத்தில் ஆண்டவரைக் காணும் கண்களை எமக்குப் பெற்றுத் தாரும். ஆமென்.