பெருக்க வந்தவர், ஹார்லெமின் தந்தை ஆனார்!

ரெஸ்யூமே, லிங்க்ட்இன் எதுவும் இல்லாத காலம். 1899-ல் வேலை தேடி நியூயார்க் வந்தார் பிலிப் பேட்டன். 1876-ல் மாசசூசெட்ஸில் பிறந்த கருப்பின இளைஞர். அப்பா முடிதிருத்துபவர், மகனுக்கும் தொழிலைக் கத்துக் கொடுத்திருந்தார்.

கல்லூரியில் படித்தவர்தான். ஆனா கிடைச்சது என்ன? கடையில் காசு போட்டு எடை பார்க்கும் மெஷினைக் கவனிக்கும் வேலை. அப்புறம் சலூன். அப்புறம் ஒரு ரியல் எஸ்டேட் ஆபீஸில் பெருக்கித் துடைக்கும் வேலை. அங்கேதான், நாமே இந்தத் தொழிலைச் செய்தால் என்ன என்ற எண்ணம் வந்தது.

1900-ல் ஒரு பார்ட்னரோடு சொந்த ஆபீஸ் திறந்தார். வருமானமே இல்லை. பார்ட்னர் விலகிவிட்டார். மனைவி துணி தைத்துக் குடும்பத்தை ஓட்டினார். வீடு பிடித்துக் கொடுக்க வந்தவரே வாடகை பாக்கியால் வீட்டைக் காலி பண்ணும் நிலை!

திருப்பம் ஒரு சண்டையில் வந்தது. 134-வது தெருவில் இரண்டு வீட்டு ஓனர்களுக்குள் தகராறு. மற்றவரைக் கடுப்பேத்தவே, ஒருவர் தன் கட்டடத்தைக் கருப்பினக் குடும்பங்களுக்கு விடச் சொல்லி பேட்டனிடம் கொடுத்தார். அப்போது ஹார்லெம் வெள்ளையர் பகுதி. சப்வே ரயில் வரப்போகுதுன்னு தேவைக்கு மேல கட்டிவிட்டதால் பல வீடுகள் காலி. இன்னொரு பக்கம், நல்ல வீடு கிடைக்காமல் நெருக்கடியில் தவித்த கருப்பினக் குடும்பங்கள். இந்த ரெண்டையும் இணைத்ததுதான் பேட்டனின் பிசினஸ்.

1904-ல் ஆஃப்ரோ-அமெரிக்கன் ரியல்டி கம்பெனியைத் தொடங்கினார். ஒரு பங்கு 10 டாலர். அடுத்த வருடம், 135-வது தெருவில் ஒரு வெள்ளையர் நிறுவனம் கட்டடங்களை வாங்கிக் கருப்பினத்தவரை வெளியேற்றப் பார்த்தது. பேட்டன் பக்கத்துக் கட்டடங்களை வாங்கி, அங்கிருந்த வெள்ளையரைக் காலி செய்யச் சொன்னார். கடைசியில் அந்த நிறுவனம் பின்வாங்கியது.

அவர் குறையே இல்லாதவர் அல்ல. குடிவந்தவர்கள் அதிக வாடகை கொடுத்தார்கள். கம்பெனி அறிக்கையில் உண்மைக்கு மாறான தகவல் இருப்பதாகப் பங்குதாரர்கள் வழக்குப் போட்டார்கள். 1908-ல் கம்பெனி மூடப்பட்டது.

ஆனாலும் அவர் தொழிலை விடவில்லை. 1917-ல் ஆறு பெரிய அடுக்குமாடிக் கட்டடங்களை வாங்கினார். சில வாரங்களிலேயே இறந்துபோனார். வயது 41.

கம்பெனி தாக்குப்பிடித்தது நாலு வருஷம்தான். ஆனா ஹார்லெமுக்குக் குடிவந்த மக்கள் திரும்பிப் போகவில்லை. 1920-களில் அந்தத் தெருக்கள்தான் கருப்பின இலக்கியத்துக்கும் ஜாஸ் இசைக்கும் தலைநகரம்.