சிங்காரத்தோப்பில் அய்யா



அய்யா வைகுண்டர் சாமிதோப்பில் 6 ஆண்டுகள் தவமிருந்தார். முதல் 2 ஆண்டுகள் 6 அடி ஆழக் குழிக்குள், அடுத்த 2 ஆண்டுகள் தரைமேல், கடைசி 2 ஆண்டுகள் மேடைமேல். சாதி பாராமல் மக்கள் அவரைத் தேடி வந்தனர். தலைச்சுமைக்கும் தாலிக்கும் கூட வரி கட்டி நொந்திருந்த ஏழைகள்தான் அவர்களில் பெரும்பாலோர். திருவிதாங்கூர் அரசுக்கு இது பொறுக்கவில்லை.

சுவாதித் திருநாள் மன்னரின் சேவகர்கள் அய்யாவைப் பிடிக்க வந்தார்கள். மக்கள் கொதித்தனர். அய்யாவோ அவர்களை அமர்த்திவிட்டுத் தாமே சேவகருடன் புறப்பட்டார். வழியெல்லாம் அடியும் ஏச்சும். திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்புச் சிறையில் 110 நாள்.

அங்கு நேர்ந்த சோதனைகளை அகிலத்திரட்டு விரித்துரைக்கிறது. நஞ்சு கலந்த பாலைக் கொடுத்தார்கள்; குடித்துவிட்டு அமைதியாய் இருந்தார். சுண்ணாம்புக் காளவாயில் இட்டார்கள். பட்டினி போட்ட புலியின் முன் நிறுத்தினார்கள். புலி அவரைத் தீண்டவில்லை.

இவற்றைவிடக் கடினமான சோதனை பிறகுதான் வந்தது. தம் சாதியாருக்கு மட்டுமே போதிப்பதாக எழுதிக் கொடுத்தால் விடுதலை என்றார்கள். ஒரு கையொப்பம் போதும், அன்றே ஊர் திரும்பலாம். அய்யா கோபப்படவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. அந்த ஓலையைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சிறையிலேயே இருந்துகொண்டார்.

கொல்லம் ஆண்டு 1014 மாசி 19இல், எதுவும் எழுதிக் கொடுக்காமலே அய்யா விடுதலையானார். மக்கள் அவரை வாகனத்தில் ஏற்றித் தோளில் சுமந்து சாமிதோப்புக்குக் கொண்டுவந்தனர். இன்றும் மாசி 19இல் திருவனந்தபுரத்திலிருந்து அன்புக்கொடி மக்களின் பவனி புறப்படுகிறது.