ரெட் லைனுக்கு ஒரு தாத்தா

நியூட்ரல்ல நிக்கிற காரோட ஆக்சிலரேட்டரை யாராவது முழுசா மிதிச்சு கேட்டிருக்கீங்களா? ஒரு கட்டத்துக்கு மேல எஞ்சின் ஏறாது. டட்டட்டட்னு அங்கேயே தடுமாறும். அதுதான் ரெவ் லிமிட்டர். கிராங்க் சென்சாரைப் பார்த்து, குறிப்பிட்ட ஆர்பிஎம் தாண்டினதும் ஈசியூ பெட்ரோலையோ ஸ்பார்க்கையோ கட் பண்ணிடும். இதுக்கு ஒரு தாத்தா இருக்கார். ஸ்கூல்ல கெட்டில் மூடி கதையில படிச்சோமே, அதே ஜேம்ஸ் வாட்.

1736இல் ஸ்காட்லாந்தின் கிரீனாக் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்து, ரிப்பேர் பார்ப்பதுதான் வேலை. அப்படி ரிப்பேருக்கு வந்த ஒரு நியூகோமன் எஞ்சின் மாடல் அவர் வாழ்க்கையையே மாற்றியது. ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் சிலிண்டர் சூடாகி, மறுபடி குளிர்ந்து, நீராவி வீணானது. நீராவியைத் தனி அறையில் குளிர வைத்தால் என்ன? யோசனை வந்தது 1765இல், பேட்டன்ட் கிடைத்தது 1769இல்.

ஆனா வாழ்க்கை ஸ்மூத்தா போகல. காசுக்காகக் கால்வாய் சர்வே வேலைக்குப் போனார். பார்ட்னர் ரோபக் திவாலானார். 1773இல் மனைவி மார்கரெட் இறந்துபோனார். தீராத தலைவலி, எப்பவும் ஒரு கவலை. 1775இல் பர்மிங்ஹாம் தொழிலதிபர் மேத்யூ போல்டன் கைகொடுத்த பிறகுதான் நிலைமை மாறியது.

முதலில் இந்த எஞ்சின்கள் சுரங்கத் தண்ணீரைத்தான் இறைத்தன. வேகம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் பரவாயில்லை. 1780களில் ஆலைச் சக்கரங்களைச் சுற்ற ஆரம்பித்ததும் சிக்கல் வந்தது. லோடு திடீர்னு குறைஞ்சா எஞ்சின் தறிகெட்டு ஓடும். 1788இல் லண்டன் ஆல்பியன் மில்லில், அரவைக் கற்களோட இடைவெளியைச் சரிசெய்ய சுழலும் குண்டுகள் வச்சிருந்ததை போல்டன் பார்த்து வாட்டுக்குத் தெரிவித்தார். அதே வருஷம் வாட் அந்தக் குண்டுகளை நீராவி வால்வோடு இணைத்தார். வேகம் கூடினா குண்டுகள் விரியும், வால்வு மூடும். குறைஞ்சா குண்டுகள் இறங்கும், வால்வு திறக்கும். காற்றாலைக்காரர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த யோசனை என்பதால் அவர் இதற்கு பேட்டன்ட் எடுக்கவில்லை.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. குண்டை வெளியே தள்ளும் விசை, வேகத்தோட ஸ்கொயர்ல ஏறும். உங்க எஞ்சின்ல பிஸ்டனும் கனெக்டிங் ராடும் தாங்குற இனர்ஷியா விசையும் அதே மாதிரிதான். 7000 ஆர்பிஎம்மை 8000 ஆக்கினா வேகம் 14 சதவீதம்தான் கூடும், விசை சுமார் 31 சதவீதம் கூடிடும். வால்வு ஸ்பிரிங்கும் கேமைத் தொடர முடியாம மிதக்க ஆரம்பிக்கும். ஈசியூவை ரீமேப் பண்ணி லிமிட்டைத் தூக்குறது லேப்டாப்ல சில நிமிஷ வேலைதான். ஆனா ராடு, ஸ்பிரிங் எல்லாம் பழசுதானே? அப்புறம், ஐந்தாவது கியர்ல வேகமா போகும்போது தப்பா இரண்டாவதுக்குப் போட்டா எந்த லிமிட்டரும் காப்பாத்தாது. பெட்ரோலை கட் பண்ணினாலும் சக்கரமே எஞ்சினைச் சுத்திடும்.

வாட் லிமிட் விஷயத்தில் ரொம்பவே பயந்தவர். பாய்லர் வெடிக்கும் என்று உயர் அழுத்த நீராவியைக் கடைசிவரை எதிர்த்தார். 1800இல் பேட்டன்ட் முடிந்ததும் ரிச்சர்ட் டிரெவிதிக் அந்த லிமிட்டைத் தாண்டினார். 1803இல் கிரீனிச்சில் அவருடைய பாய்லர் ஒன்று வெடித்து 4 பேர் இறந்தார்கள். டிரெவிதிக் கைவிடவில்லை, பாதுகாப்பு ஏற்பாடுகளைச் சேர்த்துக்கொண்டு தொடர்ந்தார். ரயில் எஞ்சின் அப்படித்தான் வந்தது. அதனால லிமிட்டைத் தாண்டவே கூடாதுன்னு நான் சொல்லல. முதல்ல ராடையும் ஸ்பிரிங்கையும் மாத்துங்க, அப்புறம் நம்பரை மாத்துங்க.

வாட் 1819 ஆகஸ்ட் 25 அன்று, 83 வயதில் இறந்தார். அவருடைய 1788 எஞ்சின் இன்னும் லண்டன் சயின்ஸ் மியூசியத்துல நிக்குது. அந்தப் பக்கம் போனா, குண்டுகளைத் தேடிப் பாருங்க.