சுவரைத் தாண்டிய அலை

புதுக்கோட்டை மாவட்டக் குட்டீஸ், வீட்டில் ஒரு சோதனை செய்யலாமா? டி.வி. ரிமோட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போங்கள். கதவைச் சாத்திவிட்டு பட்டனை அழுத்துங்கள். டி.வி. அசையாது! (புளூடூத் ரிமோட் என்றால் சோதனை பலிக்காது.) ஆனால், அதே அறையில் அம்மாவின் செல்போன் மணி அடிக்கும்.

ரிமோட்டில் இருந்து வருவது அகச்சிவப்புக் கதிர். சுவர் அதை மறித்துவிடும். செல்போனைத் தேடி வருவது நுண்ணலை. அது சுவருக்குள்ளும் புகுந்து வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத இந்த இரண்டுமே ஒளியின் உறவினர்கள்தான்.

நுண்ணலை சுவரைத் தாண்டும் என்பதை 1895லேயே ஊரறியச் செய்து காட்டியவர் யார் தெரியுமா? ஜகதீஷ் சந்திர போஸ். செடிகளின் உணர்வை ஆராய்ந்தவர் என்று பாடத்தில் படித்திருப்பீர்களே, அவரேதான்!

வங்காளத்தில் 1858ம் ஆண்டு, நவம்பர் 30ம் தேதி பிறந்தார் போஸ். அப்பா அரசு அதிகாரி. ஆனாலும், மகனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பாமல், ஊரில் இருந்த வங்காளப் பள்ளியில் சேர்த்தார். அங்கே ஒரு மீனவர் மகனும் போசின் தோழன். அவன் சொன்ன மீன், பறவைக் கதைகளை வாய் பிளந்து கேட்பாராம் போஸ்.

இங்கிலாந்தில் படித்துத் திரும்பி, 1885ல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். அங்கே ஓர் அநியாயம். இந்தியர் என்பதால், ஆங்கிலேயப் பேராசிரியர்களை விடக் குறைந்த சம்பளம் தந்தனர். போஸ் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. சம்பளத்தை மட்டும் கையால் தொடவில்லை! ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல, மூன்று வருடங்கள். அப்போது அப்பாவுக்குக் கடன் வேறு கழுத்தை நெரித்தது. கடைசியில் கல்லூரியே இறங்கி வந்து, மூன்று வருடச் சம்பளத்தையும் முழுசாகக் கொடுத்தது. அப்பாவின் கடன் அடைந்தது.

ஆய்வுக்குக் கிடைத்ததோ ஒரு சின்ன அறை. உள்ளூர் தகரத் தொழிலாளி ஒருவரைப் பழக்கி கருவிகள் செய்தார். முறுக்கிய சணல் நார், ரயில் கால அட்டவணைப் புத்தகம் எல்லாம்கூட அவருக்கு ஆய்வுப் பொருட்கள்தான். வெறும் 5 மில்லிமீட்டர் நீள அலைகளையும் உண்டாக்கினார். ஒளியைப் போலவே அவை எதிரொளிக்கின்றன, வளைகின்றன என்று காட்டினார்.

பிறகு கல்கத்தா டவுன் ஹாலில், கூட்டத்தின் முன் அலையை அனுப்பினார். சுவர்களைத் தாண்டிப் போய், அந்தப் பக்கம் இருந்த மணியை அது அடித்தது. வெடிமருந்தையும் வெடிக்க வைத்தது!

கண்டுபிடிப்பைக் காசாக்க அவருக்கு விருப்பமில்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால்தான், 1904ல் அமெரிக்கக் காப்புரிமை ஒன்று அவர் பெயரில் பதிவானது. 1917ல் தன் பெயரிலேயே ஆய்வு நிலையம் தொடங்கினார். 1937ல் மறைந்தார்.

இன்று மைக்ரோவேவ் அடுப்பில் சோறு சூடாவதும் நுண்ணலையால்தான். அது உணவில் உள்ள நீர் மூலக்கூறுகளை ஆட்டிவிடுகிறது. மழை மேகத்தைத் தேடும் காரைக்கால் ராடாரும் நுண்ணலையைத்தான் அனுப்புகிறது.

நம் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்கள் கரை தெரியாத கடலில் வழி கண்டுபிடிக்க ஜி.பி.எஸ். கருவி வைத்திருக்கிறார்கள். செயற்கைக்கோளில் இருந்து அதற்கு வருவதும் நுண்ணலைதான். போசின் பள்ளித் தோழன் கேட்டால் எவ்வளவு மகிழ்ந்திருப்பான்! அந்தப் பக்கம் போனால், படகில் இருக்கும் மாமாக்களிடம் அந்தக் கருவியைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.