நெய்யூர் மருத்துவர் சாமர்வெல்

தென்காசிக்குத் தெற்கே, பொதியமலைச் சாரலில், கடையம் என்னும் மூதூர் அமைந்துள்ளது. சம்புநதியும் இராமநதியும் வளஞ்செய்யும் அவ்வூர், கவியரசர் பாரதியார் 1918-ஆம் ஆண்டின் இறுதி முதல் 1920 வரை வாழ்ந்த சிறப்பும் உடையது. அங்கு நின்று மேற்கே நோக்குவார்க்கு நீலநிறம் பூத்து நெடிதோங்கித் தோன்றும் மலைத்தொடர், பாபநாசம், களக்காடு, பணகுடி ஆகிய ஊர்களைத் தன் அடிவாரத்தே தாங்கித் தெற்கு நோக்கிச் சென்று, குமரிமுனைக்கு அணித்தே முடிகின்றது. அம்மலை முடியும் நாஞ்சில் வளநாட்டை அடுத்து, நெய்யூர் என்னும் சிற்றூர் உளது. உலகில் மிகவுயர்ந்த மலையின் முடியை நோக்கி ஏறிப் புகழ்பெற்ற ஒருவர், அப்புகழை ஒருபுறம் ஒதுக்கி வைத்துவிட்டு, இச்சிற்றூரை நாடி வந்து, ஏழை எளியவர் பிணி தீர்ப்பதிலே தம் வாழ்நாளைச் செலவிட்டார். அவரே தியோடர் ஹோவர்டு சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவர் ஆவார்.

சாமர்வெல் 1890-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள், இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள கெண்டல் என்னும் நகரில் பிறந்தார். அவர்தம் குடும்பத்தார் காலணி செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்தி வந்த செல்வர். தந்தையின் தொழிலையே மேற்கொண்டிருப்பின் அவர் கவலையின்றி வாழ்ந்திருக்கலாம். ஆயினும் அவர் உள்ளம் கல்வியிலும் கலையிலும் தோய்ந்தது. ரக்பிப் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் பயின்று, இயற்கை அறிவியலில் இருமுறை முதல் வகுப்பில் தேறினார். ஓவியம் தீட்டுவதிலும் இசையிலும் அவர் வல்லவர். ஊரைச் சூழ்ந்த குன்றுகளில் ஏறித் திரிவது இளமையிலேயே அவர்க்குப் பெருவிருப்பாயிற்று. பின்னர் இலண்டன் மாநகரில் மருத்துவம் கற்று மருத்துவரானார்.

அவர் கற்ற கல்விக்குக் கடுஞ்சோதனை விரைவிலேயே வந்தது. முதல் உலகப்போர் மூண்டபோது, அவர் படைமருத்துவராய்ப் பிரான்சு நாட்டிற்குச் சென்றார். 1916-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் தொடங்கிய சோம் போரில், அவ்வொரு நாளிலேயே ஆங்கிலப் படையில் ஏறத்தாழ 57,000 பேர் உயிரிழந்தோ, புண்பட்டோ, காணாமற்போயோ அல்லற்பட்டனர். மருத்துவ முகாமைச் சுற்றியிருந்த வயல்வெளியெங்கும் புண்பட்ட வீரர்கள் வரிசை வரிசையாய்க் கிடத்தப்பட்டிருந்தனர். மருத்துவரோ மிகச் சிலர். இரவு பகலாகக் கத்தி பிடித்த கை ஓய்ந்த சிறு இடைவேளையில், சாமர்வெல் அவ்வீரர்களின் நடுவே நடந்தார். சாவின் வாயிலில் கிடந்த அவர்களுள் ஒருவரேனும் தம்மை முதலில் கவனிக்குமாறு வேண்டினாரல்லர். அக்காட்சி அவர் உள்ளத்தை உருக்கியது. போர் என்பதையே அவர் வெறுக்கலானார். வரிசையில் காத்துக் கிடக்கும் நோயாளரின் முகம் அவர் நெஞ்சைவிட்டு என்றும் அகலவில்லை.

போர் முடிந்தது. 1922-ஆம் ஆண்டில் எவரெஸ்ட் சிகரத்தை அடைய முயன்ற ஆங்கிலேயர் குழுவில் சாமர்வெல்லும் ஒருவராய் இடம்பெற்றார். அவரும் மாலரி, நார்ட்டன் என்பாரும், செயற்கையாக உயிர்வளியைச் சுமந்து செல்லாமலே ஏறத்தாழ 8,200 மீட்டர் உயரம் வரை ஏறினர். அதுவரை மாந்தர் எவரும் அவ்வளவு உயரம் ஏறியதில்லை. ஆனால் சூன் 7-ஆம் நாள் மீண்டும் ஏற முயன்றபோது பனிப்பாறை சரிந்து, சுமை தூக்கிவந்த மலைவாழ் மக்கள் எழுவர் மாண்டனர். ஆங்கிலேயர் ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை. இஃது எண்ணி மகிழத்தக்கதாக அவர்க்குத் தோன்றவில்லை. பெரும்புகழ் ஆங்கிலேயர்க்கும் பேரிழப்பு எளிய மக்களுக்கும் ஆனதே என்று அவர் உள்ளம் நொந்தது.

அந்நொந்த உள்ளத்தோடு அவர் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டு, வடக்கிலிருந்து தெற்கே வந்தார். அவ்வாறு வந்தவர், அக்காலத்தில் திருவிதாங்கூர் நாட்டின் பகுதியாயிருந்த நெய்யூரை அடைந்தார். அங்கு இலண்டன் மிஷன் சங்கத்தார் 1838-ஆம் ஆண்டில் தொடங்கிய மருத்துவப்பணி வளர்ந்து, பெரியதொரு மருத்துவமனையாக விளங்கியது. ஆயினும் கூடி நின்ற நோயாளரின் தொகையை நோக்க, அறுவை செய்ய வல்ல மருத்துவர் பியூ என்னும் ஒருவரே இருந்தார். அவரோ இளைத்துக் களைத்திருந்தார். சாமர்வெல் சில நாள் தங்கி அவர்க்கு உதவினார். சோம் போர்க்களத்தில் கண்ட அதே வரிசையை ஈண்டும் அவர் கண்டார். அங்கே பகைவரின் குண்டு மக்களை வீழ்த்தியது. இங்கே வறுமையும் அறியாமையும் வீழ்த்தின. வேற்றுமை அவ்வளவே.

இலண்டனில் அவர்க்குச் சிறந்த பதவியும் செல்வமும் காத்திருந்தன. அவற்றைத் துறந்து, நெய்யூரிலேயே பணிபுரிவதெனத் துணிந்தார். உற்றார் வியந்தனர்; சிலர் வருந்தினர். அவர் துணிவு மாறவில்லை. 1923-ஆம் ஆண்டில் நெய்யூர் அவர்தம் ஊராயிற்று.

ஆயினும் எவரெஸ்ட் அவரை மீண்டும் ஒருமுறை அழைத்தது. 1924-ஆம் ஆண்டு சூன் 4-ஆம் நாள், அவரும் நார்ட்டனும் சிகரத்தை நோக்கி ஏறினர். மூக்கு என்பது வெறும் வாயில் அன்று. உள்ளே புகும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூய்மையாக்கி நுரையீரலுக்கு அனுப்பும் கருவி அது. மிகவுயர்ந்த மலையிலோ மூக்கினால் இழுக்கும் காற்றுப் போதாது. வாயைத் திறந்து மூச்சிரைக்க வேண்டும். வறண்ட குளிர்காற்றுத் தொண்டையை நேரே தாக்கும். பல நாட்களாக அவ்வாறு தாக்குண்ட சாமர்வெல்லின் தொண்டை புண்ணாகியது. ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரத்தில் அவர் அமர்ந்துவிட்டார். நார்ட்டன் மட்டும் மேலும் சிறிது ஏறித் திரும்பினார்.

இருவரும் இறங்கும்போது அந்தி நெருங்கியது. திடீரென ஏதோ ஒன்று சாமர்வெல்லின் தொண்டையை அடைத்தது. மூச்சு உள்ளேயும் செல்லவில்லை, வெளியேயும் வரவில்லை. முன்னே சென்ற நார்ட்டனைக் கூவியழைக்கவும் குரலில்லை. நார்ட்டனோ, தம் நண்பர் ஓவியம் வரைவதற்காகப் பின்தங்கினார் போலும் என எண்ணி நடந்தார். சாமர்வெல் பனியில் அமர்ந்து இறுதியை எதிர்நோக்கினார். கடைசி முயற்சியாக, இரு கைகளாலும் மார்பை வலிந்து அழுத்தினார். அடைத்திருந்தது குருதியோடு பெயர்ந்து வெளியே வந்தது. அது, பனியால் கருகி உரிந்த அவருடைய குரல்வளையின் உள்தோலே ஆகும். வலி பொறுக்கலாற்றாததாயினும், அன்று நெஞ்சார இழுத்த மூச்சின் இன்பத்தை அவர் பின்னர் மறந்திலர்.

நான்கு நாள் கழித்து மாலரியும் இர்வின் என்னும் இளைஞரும் அம்மலையில் மறைந்தனர். சாமர்வெல் மீண்டு நெய்யூருக்கு வந்தார். ஒரு மூச்சின் அருமையை நூலிற் கற்றவர் பலர். அதனைத் தம் தொண்டையிலேயே கற்றவர் அவர்.

அவர் கற்ற அப்பாடத்திற்கு நெய்யூரில் மிக்க வேலை இருந்தது. கடையத்துத் திண்ணையிலும் சரி, நெய்யூர்த் திண்ணையிலும் சரி, வெற்றிலைச் செல்லம் இல்லாத வீடு அக்காலத்தில் அரிது. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் சேர்த்து மென்று, கன்னத்தில் இரவெல்லாம் அடக்கி வைத்துக்கொண்டு உறங்குவாரும் உளர். அவ்விடத்திலேயே வெள்ளைப் படலம் தோன்றும். பின்பு ஆறாப் புண்ணாகும். அது புற்றாகிக் கன்னத்தையும் தாடையையும் அரித்து, கழுத்திலுள்ள நெறிகளிலும் பரவும். இத்தகைய நோயாளர் பலர் நெய்யூருக்கு வந்தனர். சாமர்வெல் கத்தியாலும், இரேடியம் என்னும் கதிர்வீசும் பொருளாலும் அந்நோயை எதிர்த்துப் போராடினார். வயிற்றுப் புண்ணால் வருந்தியவர்க்கு அவர் செய்த அறுவையும் பெயர்பெற்றது. வாய்ப்புற்று மருத்துவத்தில் நெய்யூரின் பெயர் பிற நாடுகளிலும் பரவியது.

அறுவை மருத்துவர் நோயாளியின் அருகில் நிற்பது சில நாழிகையே. கத்தி ஓய்ந்தபின் அவ்வுயிரைக் காக்கும் பொறுப்பு செவிலியரைச் சார்கின்றது. கழுத்திலும் தொண்டையிலும் செய்யும் அறுவையில் இவ்வுண்மை பன்மடங்கு தெளிவாகும். கழுத்து ஒடுங்கிய இடம். அங்கே மூச்சுக்குழலும் உணவுக்குழலும் பெருங்குருதிக் குழல்களும் நெருங்கியுள்ளன. தையலுக்குள்ளே குருதி சிறிது கசிந்து தேங்கினும், அது மூச்சுக்குழலை நெருக்கிச் சில நிமிடங்களில் உயிரைப் போக்கிவிடும். ஆதலின் செவிலி கட்டின் மேற்புறத்தை மட்டும் பார்த்து அமைதியடையாள். பிடரிப்பக்கம் கைவிட்டுக் குருதி வழிகின்றதா எனத் தேர்வாள். கழுத்து வீங்குதல், மூச்சில் சீழ்க்கை போன்ற ஒலி எழுதல், உதடு நீலம் பாய்தல், நோயாளி காரணமின்றி அமைதியிழந்து புரளுதல் ஆகிய குறிகளுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவரை அழைப்பாள். தையலை அறுக்கும் கத்தரிக்கோல் அக்கட்டிலின் அருகிலேயே இருத்தல் வேண்டும்; அதனைத் தேடி ஓடும் நேரத்தில் உயிர் ஓடிவிடும்.

மூச்சு அடைபடும் என அஞ்சுமிடத்து, மருத்துவர் குரல்வளைக்குக் கீழே துளையிட்டு ஒரு குழலைச் செருகுவர். அதன்பின் காற்று மூக்கின் வழியே செல்லாமல் நேரே உட்புகும். எவரெஸ்ட் மலையில் சாமர்வெல்லின் தொண்டையைப் புண்ணாக்கிய வறட்சி, ஈண்டும் நேரக்கூடும். ஆதலின் செவிலி ஈரத்துணியால் குழலின் வாயை மூடி, மூக்கு செய்யவேண்டிய தொழிலைத் தான் செய்கின்றாள். உட்குழலை வேளைதோறும் எடுத்துக் கழுவிச் சளி அடையாமல் காக்கின்றாள். அந்நோயாளியால் பேசவியலாது. ஆகவே அவன் கைக்கெட்டும் இடத்தில் ஒரு மணியும், எழுதுதற்குப் பலகையும் வைக்கின்றாள். குரலற்றவனுக்கு அம்மணியே குரல். அவ்வொலி கேட்டு விரையும் செவிலியே துணை.

தொண்டைச் சதை அகற்றப்பட்ட குழந்தை ஒருக்களித்துப் படுக்க வைக்கப்படும். உறக்கத்திலும் அக்குழந்தை அடிக்கடி விழுங்குமாயின், உள்ளே குருதி வடிகின்றது என்பதை நல்ல செவிலி உணர்வாள். காதில் அறுவை செய்துகொண்டவனைக் கண்ணை இறுக மூடுமாறும் முறுவலிக்குமாறும் சொல்வாள். முகத்தை இயக்கும் நரம்பு காதின் ஊடே செல்லுதலின், அது நலமாயுள்ளதா என்பதை அச்சிறு முறுவல் காட்டிவிடும். மூக்கில் அறுவை கண்டவன் வலிந்து மூக்குச் சிந்தாவண்ணம் தடுப்பாள். இவையெல்லாம் சிறிய செயல்கள். ஆனால் இவற்றுள் ஒன்று தவறினும், திறமிக்க மருத்துவரின் அறுவையும் பயனின்றிப் போம்.

இத்தகைய மருத்துவர்களை உருவாக்கும் பணியும் சாமர்வெல்லுக்கு வாய்த்தது. ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள் நெய்யூரில் உழைத்தபின், 1949-ஆம் ஆண்டு முதல் 1961 வரை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவ ஆசிரியராய் அமர்ந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் நிறுவிய அந்நிலையத்தில், செவிலியர் பயிற்சி 1909-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்று, 1946-இல் பட்டப்படிப்பாக உயர்ந்திருந்தது. கத்தி பிடிக்கும் கையும் கண்விழித்துக் காக்கும் கையும் ஒருங்கே பயின்ற அவ்விடத்தில், அவர் தம் பட்டறிவை இளைஞர்க்கு வாரி வழங்கினார்.

அவர் துணைவியார் மார்கரெட் அம்மையார், 1925-ஆம் ஆண்டில் அவரை மணந்து, இன்பத்திலும் துன்பத்திலும் உடன்நின்றார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் சாமர்வெல் தூரிகையை எடுத்தார். இமயத்தின் பனிமுடிகளை அவர் தீட்டிய ஓவியங்கள் மிகப்பல. 1961-இல் தாயகம் திரும்பியபின், இங்கிலாந்தின் மலையேறுவோர் சங்கத்திற்குத் தலைவராய்த் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1975-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தம் எண்பத்து நான்காம் வயதில் இயற்கை எய்தினார். அவர் எட்டாது திரும்பிய எவரெஸ்ட் சிகரத்தை, 1953-ஆம் ஆண்டில் டென்சிங்கும் ஹில்லாரியும் எட்டினர்.

சாமர்வெல் மறைந்தார், அவர் எதிர்த்த நோய் மறையவில்லை. வாய்ப்புற்று மிகுதியாகக் காணப்படும் நாடுகளுள் நம் நாடு இன்றும் ஒன்றாக உள்ளது. புகையிலை மட்டுமன்றிப் பாக்கும் புற்றை விளைவிக்க வல்லது என்பதை 2004-ஆம் ஆண்டில் உலக அறிஞர் ஆய்ந்து வெளியிட்டுள்ளனர். செல்லப்பெட்டி திண்ணையை விட்டு அகன்றது; ஆனால் அதே நஞ்சு சிறு பொட்டலங்களில் அடைபட்டு இளைஞர் கைகளை அடைகின்றது. நோய் வந்தபின் கத்தியால் களைதலினும், வருமுன் மன உறுதியால் காத்தல் எளிது.

மலையின் முடியை அடைவது ஒருவர்க்குப் புகழ் தரும். மூச்சுக்குத் தவிப்பாரின் அருகே சென்று நிற்பது பலர்க்கு வாழ்வு தரும். முன்னதை நழுவவிட்ட சாமர்வெல் பின்னதைப் பற்றிக்கொண்டார். மாணவர்களே! பொதியமலையைக் காணுந்தோறும், அதன் தென்கோடியில் ஒரு சிற்றூரில், வரிசையாய்க் காத்து நின்ற எளியவர்க்காகப் பெரும்பதவியைத் துறந்த அவரை நினைவிற் கொள்ளுங்கள். உயரத்தை அளக்க வேறொரு கோலும் உண்டு என்பதை அவர்தம் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.